பயணப் பெட்டியில் அடைபட்ட சமுதாயங்கள்

(ஒரகடம் பகுதியில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.



இரண்டு வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு தம்பி என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். இந்தப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதமாக வேலை இல்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், ரூம் வாடகை பாக்கி. "ஹஜ்ரத், பாங்காக் போய் வர டிக்கெட் போட்டுத் தருகிறார்களாம். தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. திரும்பி வரும்போது ஒரு பெட்டியைக் கொண்டு வந்து ஏர்போர்ட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துவிட்டால் கையில் பணம். தங்கம் இல்லை, போதைப் பொருள் இல்லை, வளர்ப்புப் பிராணிதான் என்கிறார்கள். இது கூடுமா?" என்று கேட்டார்.

அவர் யார் என்று இப்போது யாரும் தேட வேண்டாம். செய்த பிறகு வந்து அழுகிறவர்கள் நிறைய. செய்வதற்கு முன் வந்து கேட்டவர் அவர். அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக.

அவர் சொன்னதில் ஒரு சொல் எனக்குள் நின்றுவிட்டது. "பிராணிதானே" என்ற சொல். தங்கம் என்றால் பயப்படுகிறோம், போதைப் பொருள் என்றால் நடுங்குகிறோம், பிராணி என்றால் "தானே" போடுகிறோம். இன்றைய உரை அந்த "தானே"யைப் பற்றியது.

சென்னையில் இப்படிப் பிறருக்காகப் பெட்டி சுமந்து விமானத்தில் போய் வருகிறவர்களுக்குக் 'குருவி' என்று பெயர். உங்களுக்குத் தெரிந்திருக்கும். துணிமணி, மின்னணுப் பொருள், தங்கம் என்று இருந்த அந்தத் தொழிலில் இப்போது உயிர்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. பாங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் பெட்டிகளைச் சென்னை சுங்க அதிகாரிகள் திறந்தால் ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு இருக்கிறது, தென் அமெரிக்காவின் உடும்பு வகைகளும் கையளவுக் குரங்குகளும் இருக்கின்றன. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒருவரின் பெட்டிக்குள் பிறந்து ஒரு மாதமே ஆன சிறுத்தைக் குட்டி இருந்தது. பால்குடி மறக்காத குட்டி! அதை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குத்தான் கொண்டு போனார்கள். இந்த வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கிழக்கே போனால் முடிகிற இடம்தான் வண்டலூர். நாம் பண்டிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற அதே இடம்.

பெட்டிகள் வெளியேயும் போகின்றன. ஆந்திராவிலும் தமிழகத்திலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்கிற நட்சத்திர ஆமையைத் துணியில் சுற்றி, கால் அசையாதபடி டேப் ஒட்டி, பெட்டிக்குள் அடுக்கி அனுப்புகிறார்கள். முதுகில் நட்சத்திரம் போட்டிருப்பதுதான் அது செய்த குற்றம். வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

உங்களைப் போன்ற சமுதாயங்கள்

ஸூரா அன்ஆமின் 38ஆம் வசனத்தில் அல்லாஹ் சொல்வதன் கருத்து நாம் அறிந்தது. பூமியில் ஊர்வனவும், இரு சிறகுகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற உம்மத்துகள், சமுதாயங்கள் என்கிறான். உம்மத் என்ற சொல்லை நாம் எவ்வளவு பெருமையாகப் பயன்படுத்துகிறோம்! அதே சொல்லை அல்லாஹ் குருவிக்கும் ஆமைக்கும் பயன்படுத்துகிறான்.

இந்த வசனத்தின் நிழலில் வந்த ஒரு ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. நாய்கள் ஒரு சமுதாயமாக இல்லாதிருந்தால் அவற்றைக் கொல்லச் சொல்லியிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதும்போது, படைப்பில் ஓர் இனத்தையே மிச்சமில்லாமல் அழித்துவிடுவதை நபியவர்கள் வெறுத்தார்கள், ஏனென்றால் எந்தப் படைப்பிலும் ஒரு ஹிக்மத் இல்லாமல் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். இது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியது. 'இன அழிவு' என்று இன்று விஞ்ஞானிகள் பேசுவதை, அதுவும் மக்கள் விரும்பாத ஒரு பிராணியை முன்வைத்து, நம் இமாம் பேசியிருக்கிறார். அழகான மயிலைக் காப்பாற்றச் சொல்வது எளிது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இன்னொரு சம்பவம், அதுவும் அபூதாவூதில் உள்ளது. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையையும் அதன் இரண்டு குஞ்சுகளையும் கண்டு, குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்து விரித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் வந்து பார்த்து, குஞ்சை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கவனியுங்கள். எடுத்தவர்கள் யார்? ஸஹாபாக்கள். கெட்ட எண்ணம் இருந்ததா? இல்லை. விற்கவா எடுத்தார்கள்? இல்லை. ஆனாலும் திருப்பி வைக்கச் சொன்னார்கள். அந்தச் சிறுத்தைக் குட்டிக்கும் ஒரு தாய் இருந்திருக்கும்.

பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அவள் உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. பெட்டிக்குள் அடைத்த உயிரின் நிலை அதுதானே? பாங்காக்கில் பூட்டிய பெட்டி சென்னையில் திறக்கும்வரை தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை, மூச்சுக்குக் காற்று எவ்வளவு என்று யாருக்கும் கணக்கு இல்லை. வழியில் சிலது இறக்கும் என்று தெரிந்தேதான் கூடுதலாக அடைக்கிறார்கள்.

கேட் பாஸ் இல்லாமல் எதுவும் வெளியே போகாது

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். உங்களுக்கு ஒரு விஷயத்தை நான் விளக்கவே தேவையில்லை. கம்பெனியிலிருந்து ஒரு போல்ட் வெளியே போக வேண்டுமென்றாலும் கேட் பாஸ் வேண்டும். கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போக இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் வேண்டும். உள்ளே இருப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

உலக நாடுகள் கூடி உயிரினங்களுக்கும் இப்படி ஒரு கேட் பாஸ் ஏற்பாடு செய்திருக்கின்றன. அதற்குச் சுருக்கமாக 'சைட்டிஸ்' என்று பெயர். அழியும் ஆபத்திலுள்ள காட்டு விலங்குகள், தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தைப் பற்றிய உடன்படிக்கை அது. 1973 மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் சேர்ந்தது. மார்ச் 3ஐ உலக வனவிலங்கு நாள் என்று கொண்டாடுவது இதனால்தான்.

அதன் வேலை முறை எளியது. 40,000க்கும் மேற்பட்ட இனங்களை மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பட்டியலில் உள்ளவை அழிவின் விளிம்பில் நிற்பவை. புலி, ஆசிய யானை, சிறுத்தை எல்லாம் இதில்தான். காட்டிலிருந்து பிடித்த இவற்றை நாடு விட்டு நாடு வியாபாரமே செய்யக்கூடாது. இரண்டாம் பட்டியலில்தான் மிகப் பெரும்பாலான இனங்கள் இருக்கின்றன. இவற்றை விற்கலாம், ஆனால் ஏற்றுமதி செய்யும் நாடு அனுமதிச் சீட்டு தர வேண்டும். அந்தச் சீட்டைத் தரும் முன் இரண்டு கேள்விகள் உண்டு. இது சட்டப்படி பிடிக்கப்பட்டதா? இதை எடுத்தால் அங்கே மிச்சமிருக்கும் இனம் தாங்குமா? மூன்றாம் பட்டியல், ஒரு நாடு தன் எல்லைக்குள் உள்ளதைக் காக்கப் பிறநாடுகளின் உதவியைக் கேட்பது.

பட்டியல் கல்லில் எழுதியது அல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடுகள் கூடிப் பேசி மாற்றுகின்றன. நட்சத்திர ஆமை நீண்ட காலம் இரண்டாம் பட்டியலில் இருந்தது. கடத்தல் கட்டுக்கு அடங்காததால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட நாடுகள் கேட்டு, 2019இல் ஜெனீவாவில் முதல் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். கடைசியாக 2025 இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் கூடினார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். பூனையின் ஹதீஸையும் பறவையின் ஹதீஸையும் நமக்குச் சேகரித்துத் தந்தவரின் மண்ணில் உலகம் கூடி விலங்குகளின் வழக்கைப் பேசியது என்று படித்தபோது என் மனது நெகிழ்ந்தது.

நம் நாட்டுச் சட்டம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வெளிநாட்டு விலங்கு எப்படியாவது ஏர்போர்ட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் இந்தச் சட்டத்தின் கை அங்கே எட்டவில்லை. குருவிகளுக்கு இவ்வளவு கிராக்கி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2022இல் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள இனங்களுக்கென்றே தனி அட்டவணை சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிரை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதியும் வந்தது. நம் நாட்டின் முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை சிறை. "எனக்குப் பெட்டிக்குள் என்ன என்றே தெரியாது" என்பது குருவிகள் எல்லோரும் சொல்கிற வார்த்தை. டேக் உன் பெயரில் ஒட்டியிருக்கிறது, தம்பி. ஏற்பாடு செய்தவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அபூ உமைர் பறவை வளர்த்தாரே?

இந்த இடத்தில் ஓதியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நியாயமான கேள்வி. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடுவார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் நுகைர் என்ன ஆயிற்று என்று அன்பாக விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துத் தனிநூலே எழுதினார்கள். பறவையைக் கூண்டில் வைத்து வளர்க்கலாம், உணவும் தண்ணீரும் தவறாமல் கொடுத்தால், என்பது அதிலிருந்து உலமாக்கள் எடுத்த சட்டம். இன்னொன்றும் உண்டு. வேட்டைப் பிராணி அசலில் முபாஹ், யார் பிடிக்கிறாரோ அவருக்குச் சொந்தம். அப்படியிருக்க அரசு எப்படித் தடுக்கும் என்று கேட்கலாம்.

முபாஹ் என்றால் செய்தாலும் குற்றமில்லை, விட்டாலும் குற்றமில்லை. அப்படிப்பட்ட ஒன்றைப் பொதுநன்மைக்காக ஆட்சியாளர் கட்டுப்படுத்தலாம். இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மதீனாவைச் சுற்றிப் பன்னிரண்டு மைல் பரப்பை நபி (ஸல்) அவர்கள் 'ஹிமா'வாக, பாதுகாக்கப்பட்ட எல்லையாக ஆக்கினார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. அங்கே வேட்டையாடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. அபூ ஹுரைரா (ரலி) அவர்கள், மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை நான் விரட்டமாட்டேன் என்ற கருத்தில் சொன்னார்கள். பிடிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை, விரட்டவும்மாட்டேன் என்றார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு ஹிமா இருக்கிறது. வேடந்தாங்கல். ஏரியில் தங்கும் நீர்ப்பறவைகளை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798இல் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். சைட்டிஸுக்கு 175 ஆண்டு முன்பு! அவர்களுக்கு அதில் நன்மையும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். 2022இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மாற்று மதச் சகோதரர்கள் நபியவர்களின் ஒரு சுன்னத்தை அறியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அபூ உமைரின் பறவை ஹலாலாக இருந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் இன்று நம் நாட்டில் சட்டப்படி குற்றம். பாவம் செய்யச் சொல்லாத சட்டத்துக்குக் கட்டுப்படுவது, நாம் இந்த நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பகுதி. ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்வது மாயிதா ஸூராவின் முதல் வசனம். அதே ஸூராவின் 94ஆம் வசனத்தையும் எடுத்துப் பாருங்கள். இஹ்ராமில் இருந்த ஸஹாபாக்களின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகள் வந்து நின்றன. அல்லாஹ் அதைச் சோதனை என்கிறான். எட்டாத தூரத்தில் இருப்பதைத் தொடாமல் இருப்பது பெரிய விஷயமா?

ஏழையை உள்ளே விடு

கட்டுப்பாடு என்று வந்தால் முதலில் அடிபடுகிறவன் ஏழை. இதை மறைத்துப் பேசினால் நான் உண்மை சொன்னவனாக மாட்டேன்.

நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து இருளர்களை உங்களுக்குத் தெரியும். பாம்பு பிடித்துத் தோலை விற்றுத்தான் பல குடும்பங்கள் பிழைத்தன. அந்தத் தோல் வெளிநாட்டில் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆயிற்று. 1972 சட்டமும் அதைத் தொடர்ந்து 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் சரியானவைதான், பாம்புகள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. ஆனால் லாபம் பார்த்த வியாபாரி வேறு சரக்குக்கு மாறிவிட்டான். இருளனுக்கு மாற என்ன இருந்தது?

புகாரியில் ஒரு செய்தி வருகிறது. உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தபோது, ஒட்டகமும் ஆடும் கொஞ்சமாக வைத்திருப்பவனை உள்ளே விடு, இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்ஃபானின் மந்தையையும் விடாதே என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். இப்னு அவ்ஃபும் உஸ்மானும் சுவர்க்கத்து நன்மாராயம் பெற்றவர்கள்! அவர்களுடைய மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் விவசாயமும் இருக்கிறது, ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள். இயற்கையைக் காக்கும் சட்டத்தை எழுதுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய அறிவுரை இது.

இருளர்களுக்கு அப்படி ஒரு வாசல் திறந்தது. 1978இல் ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் முயற்சியால் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடிப்பார்கள். சில வாரங்கள் வைத்து விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். தோலுக்காகக் கொன்றவர்கள் விஷத்துக்காக உயிரோடு விடுகிறார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. நைட் ஷிப்ட் முடிந்து ஏரிக்கரை வழியாக ரூமுக்கு நடந்து போகும்போது உங்களில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், அரசு மருத்துவமனையில் ஏற்றும் மருந்தில் ஓர் இருளரின் உழைப்பு இருக்கும். செந்நேரி கிராமத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க இவர்களைத்தான் அழைத்தார்கள். அந்தப் பாம்புகள் அங்கே எப்படி வந்தன தெரியுமா? வளர்ப்புப் பிராணியாக வியாபாரத்தில் வந்தவை. வளர்க்க முடியாமல் விட்டதும் தப்பியதும் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. "பிராணிதானே" என்பதன் விலை அது.

ராமநாதபுரம் கடற்கரையில் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. 2001இல் கடல் அட்டை பிடிப்பதை முழுவதுமாகத் தடை செய்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், இந்தப் பக்கம் பிடித்தால் சிறை. நம் சமுதாயத்து மீனவர்களும் வியாபாரிகளும் அதில் நிறைய இழந்தார்கள். தடையைத் தளர்த்தி, அளவு வைத்து அனுமதியுங்கள் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். நியாயத்தைக் கேட்பது வேறு, இரவில் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்புவது வேறு.

நாம் பூசி வந்த அத்தர்

ஜும்ஆவுக்கு வாசனை பூசி வருவது சுன்னத். கஸ்தூரியை நபி (ஸல்) அவர்கள் வாசனைகளில் சிறந்தது என்றார்கள். ஊதையும் நாம் விரும்புகிறோம். இரண்டுமே சைட்டிஸ் பட்டியலில் இருப்பவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கஸ்தூரி, ஆண் கஸ்தூரி மானின் வயிற்றுப் பகுதியில் உள்ள ஒரு சிறு பையிலிருந்து வருவது. அதற்காகவே இமயமலையில் அவற்றைக் கொன்று தீர்த்தார்கள். கண்ணியில் மாட்டுவது ஆணா பெண்ணா என்று கண்ணிக்குத் தெரியாது, குட்டியும் செத்தது. இந்தியாவின் கஸ்தூரி மான் முதல் பட்டியலில் இருக்கிறது. ஆகவே யாராவது இன்று "காஷ்மீர் அசல் கஸ்தூரி" என்று விற்றால், ஒன்று அது போலி, இல்லையென்றால் கடத்தல். செயற்கைக் கஸ்தூரி பூசுவதால் சுன்னத் தவறிவிடாது.

ஊது வேறு மாதிரி. அகர் மரத்தில் ஒருவகைப் பூஞ்சை தாக்கி, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின்தான் அந்த வாசனை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த மரத்தில் இருக்கிறது என்று சரியாகத் தெரியாததால், காட்டில் இருக்கும் மரங்களையெல்லாம் வெட்டிப் பார்த்தார்கள். 1995 முதல் அது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது விற்கலாம், சீட்டு வேண்டும். இங்கே நம்மோடு அஸ்ஸாமிலிருந்து வந்து வேலை செய்யும் சகோதரர்கள் இருக்கிறார்கள். ஹோஜாய் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்திலேயே அகர் மரம் நடுவதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். காட்டை வெட்டுவதற்குப் பதில் தோட்டத்தில் நட்டு, சட்டப்படி ஏற்றுமதி செய்து நம் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் பிழைக்கிறார்கள். ஒழுங்காக நடந்தால் இந்த உடன்படிக்கை வியாபாரத்தின் எதிரி அல்ல என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணுளிப் பாம்பு வைத்தால் கோடி வரும், யானை முடி மோதிரம் போட்டால் திருஷ்டி போகும், நரிக்கொம்பு கல்லாவில் இருந்தால் வியாபாரம் பெருகும், புலிநகம் குழந்தைக்குப் பயம் போக்கும். இதில் விலங்கைக் கொன்ற பாவம் ஒன்று, ஏமாற்று ஒன்று, ஈமானுக்கு வரும் ஆபத்து ஒன்று. நரிக்குக் கொம்பே கிடையாது என்பதாவது யோசிக்க வேண்டாமா? சிறுத்தைத் தோலை விரித்து அதன்மேல் அமர்வதைக்கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

நம் ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சைட்டிஸ் எல்லையைத் தாண்டும் வியாபாரத்தை மட்டும்தான் பார்க்கும். ஓர் உயிர் வாழும் இடமே போய்விட்டால் அதற்குச் சீட்டு ஏது? அதற்காக 1992இல் ரியோவில் பல்லுயிர் உடன்படிக்கை வந்தது. அதை நடத்த நம் நாடு 2002இல் சட்டம் இயற்றியது, அதன் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இந்தப் பகுதியின் மேய்ச்சல் நிலமும் வயலும் கம்பெனிகளாக மாறியதால்தான் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஏரிக்கரையில் கண்ணி வைத்துப் பிடித்த கொக்கையும் நாரையையும் ரோட்டோரம் விற்கும்போது, லீவு நாளில் பிரியாணிக்கு வாங்குகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பண்ணைக் காடை வேறு. காட்டுப் பறவை வேறு. கேட்டு வாங்குங்கள், சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பிக்குச் சொன்னது

அவரிடம் நான் சொன்னது இதுதான். இந்தக் கூலி கூடாது. பாவத்துக்கு ஒருவருக்கொருவர் உதவாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை. பெட்டிக்குள் இருக்கும் உயிரின் வேதனைக்கு ஒரு பங்கு உனக்கும் எழுதப்படும். பிடிபட்டால் ஊரில் இருக்கும் உம்மாவுக்கு யார் பணம் அனுப்புவது?

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டேன் ஹஜ்ரத். வாடகைக்குக் கொடுத்தாச்சு" என்றார். திருப்பிக் கொடுத்தாக வேண்டும், வைத்துக்கொள்ள முடியாது என்றேன். ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் பெயர் சொல்லாமல் பேசி, பைத்துல்மாலிலிருந்து கடனாக ஐயாயிரம் கொடுத்திருக்கிறோம். அவர் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்கள் கம்பெனியில் ஆள் எடுப்பதாக இருந்தால், டிப்ளமோ முடித்த ஒருவர் இருக்கிறார் என்று என்னிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு. இந்த உரையைக் கேட்டுவிட்டு இன்று மாலையே கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளியும், வருடக்கணக்கில் கூண்டில் இருந்த கிளியும் வெளியே போனால் காக்கைக்கும் பூனைக்கும்தான் இரை. வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நானும் வருகிறேன். நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வைத்திருப்பவர்கள் பதிவுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் வெயில் காலம் வருகிறது, கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கட்டும்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.